ஜெஸ்ஸி ஸ்டோன் படங்கள்: குற்றவாளியை முதலிலேயே காட்டிவிட்ட பிறகு துப்பறிய என்ன மிச்சம்?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் காவல்துறைத் தலைவர் ஜெஸ்ஸி ஸ்டோனைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களில் 'ஸ்டோன் கோல்ட்' பார்த்து முடித்த கையோடு 'நைட் பாஸேஜ்' பார்த்ததாகவும், முதல் படத்தில் கொல்லப்பட்ட பெண் இரண்டாம் படத்தில் உயிருடன் வருவதும் நாய் வேறாக இருப்பதும் குழப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊர்ச்சபையினர் சிலர் கூடிக் காவல்துறைத் தலைவரை வேலைக்கு வைப்பதும், நீக்கிவிடுவோம் என்று மிரட்டுவதும் நடக்கக்கூடியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, கொலைகாரத் தம்பதி யார் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்களே, இதில் துப்பறிய என்ன மிச்சம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் ஒருவர் குடித்துக்கொண்டும் நாயைப் பார்த்துக்கொண்டும் இருப்பதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் வரிசை தப்பவில்லை. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 2005 பிப்ரவரியில் ஒளிபரப்பிய முதல் படம் 'ஸ்டோன் கோல்ட்' தான். 2006 ஜனவரியில் வந்த 'நைட் பாஸேஜ்' அதற்கு முந்தைய கதையைச் சொல்வது. ராபர்ட் பி. பார்க்கர் எழுதிய ஜெஸ்ஸி ஸ்டோன் நாவல்களில் 'நைட் பாஸேஜ்' முதலாவது, 1997இல் வெளியானது; 'ஸ்டோன் கோல்ட்' நான்காவது, 2003இல் வந்தது. படமாக்கியவர்கள் நான்காவது நாவலை முதலில் எடுத்துவிட்டு, ஜெஸ்ஸி அந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதைக்கு அதன் பின்னரே திரும்பினார்கள். அடுத்து அதே 2006இல் 'டெத் இன் பாரடைஸ்', 2007இல் 'சீ சேஞ்ச்', 2009இல் 'தின் ஐஸ்', 2010இல் 'நோ ரிமோர்ஸ்', 2011இல் 'இன்னசென்ட்ஸ் லாஸ்ட்', 2012இல் 'பெனிஃபிட் ஆஃப் த டவுட்' ஆகியவை சிபிஎஸ்ஸில் வந்தன. மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2015இல், ஒன்பதாவதான 'லாஸ்ட் இன் பாரடைஸ்' ஹால்மார்க் நிறுவனத்தின் அலைவரிசையில் வந்தது. கதைக் காலப்படி பார்க்க வேண்டுமானால் 'நைட் பாஸேஜ்' தான் முதலில் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆபி டெய்லர் என்ற அந்தப் பெண்ணின் முடிவு தெரிந்த பிறகு, அவளும் ஜெஸ்ஸியும் முதன்முதலில் பழகத் தொடங்குவதைப் பார்க்கும்போது, அந்தச் சாதாரணமான உரையாடல்களுக்கு ஒரு கனம் கூடிவிடுகிறது. அவள் சிரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. கதைக் காலப்படி பார்த்தால் இது கிடைக்காது.

நாய் விஷயமும் இப்படித்தான். 'நைட் பாஸேஜ்' தொடக்கத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து மாசசூசெட்ஸ் வரை காரில் கூடவே வருவது பூமர் என்ற வயதான நாய். அந்தப் படத்துக்குள்ளேயே அது இறந்துபோகிறது. 'ஸ்டோன் கோல்ட்' படத்தில் இருப்பது ரெஜி. கொலையுண்டவரின் பக்கத்திலிருந்து ஜெஸ்ஸி வீட்டுக்குக் கூட்டிவரும் கோல்டன் ரிட்ரீவர். யாருமில்லாமல் போன நாயும் யாருமில்லாமல் போன மனிதரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். படம் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரெஜி கூப்பிட்டால் ஓடிவருகிற நாயும் அல்ல. இரவில் ஜெஸ்ஸி கிளாஸை எடுத்து ஸ்காட்ச் ஊற்றும்போது அது தரையில் படுத்தபடி தலையை மட்டும் நிமிர்த்தி அவரையே பார்க்கும். அவர் அதைப் பார்ப்பார். ஏதோ சமாதானம் சொல்வதுபோல் இரண்டு வார்த்தை பேசுவார். அது தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒன்பது படங்களிலும் ஜெஸ்ஸியை இவ்வளவு கறாராக நிறுத்திக் கேள்வி கேட்பவர் வேறு யாரும் இல்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் அலுத்துக்கொண்ட இடத்தை நான் விசாரணைக் காட்சி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஊர்ச்சபைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படங்களின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. காவல்துறை என்றால் மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை, மேலிருந்து கீழ்வரை ஒரே ஏணி, ஓர் ஊரில் சிக்கல் வந்தால் இன்னோர் ஊருக்கு மாற்றல் என்று பழகிய கண்ணுக்கு அமெரிக்கச் சிற்றூர்க் காவல்துறையின் அமைப்பு விசித்திரமாகத்தான் தெரியும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நகரங்களும் ஊர்களுமாக 351 உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காவல்துறையை வைத்துக்கொண்டு, அதற்குத் தானே சம்பளம் கொடுக்கிறது. ஊர்களில் மூன்று பேரோ ஐந்து பேரோ கொண்ட, வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த குழு ஒன்று நிர்வாகத்தைக் கவனிப்பது அந்தப் பகுதியின் நெடுங்கால வழக்கம். காவல்துறைத் தலைவரை நியமிப்பது பெரும்பாலும் அந்தக் குழுவோ, அது அமர்த்திய நிர்வாக அலுவலரோ தான். சில ஊர்களில் தேர்வு எழுதி வரவேண்டும், சில ஊர்களில் ஒப்பந்தக் காலம் உண்டு. ஆனாலும் அடிப்படை இதுதான். வங்கி நடத்துபவர், வீட்டுமனை விற்பவர், படகுத்துறை வைத்திருப்பவர் ஆகியோர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுடைய மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பிடிக்க வேண்டியவரும், அவர்கள் கையெழுத்தில் சம்பளம் வாங்குபவரும் ஒருவரே. அங்கே தலைவருக்கு இடமாற்றம் கிடையாது. வேலை போனால் போனதுதான்.

அதே மாநிலத்தில் இன்னொரு விதியும் உண்டு. பாஸ்டன் போன்ற சில பெருநகரங்கள் நீங்கலாக, கொலை வழக்குகளை மாவட்ட அரசு வழக்கறிஞரின் பொறுப்பில் மாநிலக் காவல்துறைத் துப்பறிவாளர்கள்தான் நடத்துவார்கள். உள்ளூர்க் காவல்துறை உதவி செய்யும். ஆக, பாரடைஸ் என்ற அந்தக் கற்பனை ஊரில் ஒரு பிணம் கிடைத்தால், சட்டப்படி ஜெஸ்ஸி சற்று ஒதுங்கி நிற்க வேண்டியவர். படங்கள் இந்த இடைஞ்சலைச் சாமர்த்தியமாகக் கடந்துவிடுகின்றன. மாநிலக் காவல்துறையின் கொலை விசாரணைப் பிரிவுத் தலைவராக ஹீலி என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்து, அவருக்கும் ஜெஸ்ஸிக்கும் அதிகம் பேசாத ஒரு நட்பை ஏற்படுத்திவிடுகிறார்கள். ஹீலியாக நடிக்கும் ஸ்டீபன் மெக்ஹட்டியின் எலும்பும் தோலுமான முகத்தைப் பார்த்தாலே இவர் யாரிடமும் எதையும் இரண்டு முறை கேட்கமாட்டார் என்று தோன்றும். 'நோ ரிமோர்ஸ்' படத்தில் ஊர்ச்சபை ஜெஸ்ஸியைப் பணியிடை நீக்கம் செய்தபோது, பாஸ்டனில் நடந்த கொலைகளை விசாரிக்கக் கூலிக்கு அமர்த்திச் சோறு போடுபவரும் இந்த ஹீலிதான்.

இப்போது 'நைட் பாஸேஜ்' படத்தின் அந்த நேர்காணலை மறுபடி நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலீஸில் கொலை விசாரணைப் பிரிவில் நல்ல பெயரோடு இருந்தவர், மண வாழ்க்கை முறிந்து, பணி நேரத்தில் குடித்ததற்காக வெளியேற்றப்பட்டவர். நாட்டின் மறு கோடியில் உள்ள ஒரு மீன்பிடி ஊரில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார், நேர்காணலுக்கும் குடித்துவிட்டே போகிறார், வேலை கிடைத்துவிடுகிறது. இது எப்படிக் கிடைத்தது என்று அவரே யோசிக்கிறார். ஊர்ச்சபைத் தலைவர் ஹேஸ்டி ஹாதவே கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வேலையில் இருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு குடிகாரர். கிளாஸுக்கு அடிமையானவர் நமக்கும் அடிமையாக இருப்பார் என்பது அவருடைய கணக்கு. முந்தைய காவல்துறைத் தலைவரின் கதி என்ன ஆயிற்று என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதைத்தான் இந்தத் தொடர் முழுவதும் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். ஏற்கெனவே மனைவியையும் வேலையையும் பெயரையும் இழந்துவிட்ட ஒருவரிடம் இனிப் பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே மிரட்டுவதற்குப் பிடி கிடைப்பதில்லை. எந்தப் பலவீனத்துக்காக அவரை எடுத்தார்களோ அதுவே ஊர்ச்சபைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இதை ஏதோ குடியின் மகிமை பாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெஸ்ஸி குடித்தால் கவிதை சொல்வதில்லை, சண்டைக்குப் போவதுமில்லை. இருட்டிய வீட்டில், தண்ணீர் தெரியும் பக்கமாக உட்கார்ந்து, தொலைபேசிக்காகக் காத்திருக்கிறார். அது மணியடித்தால் பெரும்பாலும் மறுமுனையில் இருப்பவர் விவாகரத்தான மனைவி ஜென். அவருடைய முகத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. குரல் மட்டும் வரும், அல்லது ஜெஸ்ஸி சொல்லும் ஒற்றை வார்த்தைப் பதில்களிலிருந்து மறுபக்கத்தை நாமே ஊகிக்க வேண்டும். பிரிந்தவர்கள் பிரிந்தபடி இருக்கவும் முடியாமல் சேரவும் முடியாமல் நாள்தோறும் பேசிக்கொள்வது ஒரு வியாதி என்று மனநல மருத்துவர் டிக்ஸ் நேரடியாகவே சொல்லிவிடுகிறார். டிக்ஸும் முன்பு போலீஸ்காரராக இருந்தவர், குடித்து மீண்டவர். ஆகையால் பொய் சொன்னால் அவரிடம் எடுபடாது. வில்லியம் டிவேன் நடிக்கும் இந்தக் காட்சிகளில் இரண்டு நாற்காலிகளையும் இரண்டு கிழவர்களையும் தவிர ஒன்றும் கிடையாது. துப்பாக்கி வெடிக்கும் காட்சிகளைவிட இவற்றில்தான் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கொலைகாரர்களை மௌனத்தாலேயே பேசவைக்கும் ஜெஸ்ஸி, இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதே மௌனத்தைக் கேடயமாகப் பிடிக்கிறார். எதிரில் இருப்பவருக்கும் மௌனம் தெரிந்திருக்கிறது.

இதிலிருந்து உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேராகப் போய்விடலாம். 'ஸ்டோன் கோல்ட்' படத்தில் பணக்காரத் தம்பதி ஒன்று பொழுதுபோக்காக மனிதர்களைச் சுட்டுக் கொல்கிறது. காரணம் எதுவும் கிடையாது, செத்தவர்களுக்குள் தொடர்பும் கிடையாது. யார் செய்தது என்ற புதிருக்கு மோட்டிவ் தான் திறவுகோல். அது இல்லாத கொலையில் அந்தப் புதிரைப் போட்டால் கடைசியில் ஏமாற்றமாகத்தான் முடியும். எனவே முகங்களை முதலிலேயே காட்டிவிடுவது சரியான முடிவு. குற்றவாளியை முதலில் காட்டும் உத்தி தொலைக்காட்சிக்குப் புதிதும் அல்ல. 1970களில் 'கொலம்போ' தொடர் அதை வைத்தே ஓடியது. அங்கே குற்றவாளி கட்டிய பொய்க் கோட்டையைச் செங்கல் செங்கலாக உருவுவதில் பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. இங்கே அந்த மகிழ்ச்சி வேண்டுமென்றே மறுக்கப்படுகிறது. ஜெஸ்ஸிக்கும் அவர்கள் மீது சந்தேகம் விழுந்துவிடுகிறது, அவர்களுக்கும் அது தெரிகிறது. ஆனால் சான்று இல்லாமல் கைவைக்க முடியாது. தெரிந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய அந்த நாட்களில் என்ன நடக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கதை. ஆபி கொல்லப்படும்போது அந்தக் காத்திருப்பின் விலை ஜெஸ்ஸியின் தலையில் வந்து விழுகிறது.

அதே படத்தில் கூடவே ஓடும் இன்னொரு வழக்கைப் பலர் கிளைக்கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பள்ளிச் சிறுமி ஒருத்தியை உடன் படிக்கும் மூன்று பையன்கள் வன்புணர்ந்த வழக்கு அது. அங்கும் குற்றவாளிகள் யார் என்பதில் மர்மம் இல்லை. பையன்களுக்கு வசதியான வீடு, திறமையான வழக்கறிஞர். அந்தப் பெண்ணுக்கோ வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம். இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் சட்டத்தின் கைக்குள் வராத கொடூரம், மற்றொன்றில் சட்டத்தின் கைக்குள் இருந்தும் நழுவப் பார்க்கும் கொடூரம் என்று படம் நுட்பமாகக் கோடு கிழித்திருப்பது தெரியும். தலைப்பிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. 'ஸ்டோன் கோல்ட்' என்பது கல்லாய்க் குளிர்ந்த நெஞ்சைக் குறிக்கும். துளி போதையும் இல்லாத நிலையைச் சொல்லவும் ஆங்கிலத்தில் அந்த அடைமொழிதான் வரும். ஸ்டோன் என்பது நாயகனின் குடும்பப் பெயரும்கூட. கொலைகாரர்களைச் சொல்கிறதா, நாயகனைச் சொல்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

ஜெஸ்ஸியாக நடிக்கும் டாம் செல்லெக்கைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. 1980 முதல் 1988 வரை 'மேக்னம்' தொடரில் ஹவாய்ச் சட்டையும் மீசையும் சிவப்பு ஃபெராரியுமாகச் சிரித்துக்கொண்டு திரிந்த நடிகர் அவர். 1945இல் பிறந்தவர், 'ஸ்டோன் கோல்ட்' வந்தபோது வயது 60. நாவலில் ஜெஸ்ஸிக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயதுதான். தோள்பட்டையில் அடிபட்டதால் பேஸ்பால் வாழ்க்கை அரைகுறையாக நின்றுபோன இளைஞன், அடுத்த வாழ்க்கையைத் தேடுகிறான் என்பது நாவலின் கதை. அறுபது வயது முகத்தில் அதே கதையை வைத்ததும் பொருளே மாறிவிட்டது. தேடுவதற்கு இனி அதிகக் காலம் இல்லாத ஒருவரின் கதையாக அது ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் நாவல்களைவிடப் படங்கள் ஒரு படி மேலே நிற்பதற்கு இந்தப் பொருந்தாத வயதுதான் காரணம். நடிப்பதோடு நிற்காமல், தயாரிப்பிலும், பல படங்களின் திரைக்கதையில் மைக்கேல் பிராண்ட்மனோடு சேர்ந்தும் அவர் பங்கெடுத்திருக்கிறார். 'சீ சேஞ்ச்' படத்துக்காக 2007இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2010இல் அதே சிபிஎஸ்ஸில் 'ப்ளூ பிளட்ஸ்' தொடரில் நியூயார்க் நகரக் காவல்துறை ஆணையராக, குடும்பமும் கௌரவமும் சூழ உட்காரத் தொடங்கிய பிறகும், இடையிடையே இந்தத் தனிமனிதரிடம் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

சுற்றியிருப்பவர்களில், 'ஸ்டோன் கோல்ட்' படத்திலேயே மாலி கிரேன் என்ற காவலராக வருபவர் வயோலா டேவிஸ். 2017இல் ஆஸ்கர் வாங்கிய அதே வயோலா டேவிஸ் தான். சூட்கேஸ் சிம்ப்சன் என்ற இளம் காவலரின் பட்டப்பெயர் 1950களில் ஆடிய ஹாரி சிம்ப்சன் என்ற பேஸ்பால் வீரருக்கு இருந்த பட்டப்பெயர்; பேஸ்பால் ஆடி விட்டுப்போன மேலதிகாரிக்கு இந்த உதவியாளர் என்பதில் பார்க்கரின் குறும்பு தெரிகிறது.

ஊர் மாசசூசெட்ஸில் இருப்பதாகக் கதை. படம்பிடித்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில். அமெரிக்கத் தொலைக்காட்சிப் படங்கள் செலவையும் வரிச் சலுகையையும் எண்ணிக் கனடாவுக்குப் போவது வழக்கம்தான், ஆனால் இங்கே அந்தச் சிக்கனம் கலைக்கே லாபமாக முடிந்தது. லூனன்பர்க் என்ற துறைமுக ஊரின் மரவீடுகளும், அதைச் சுற்றியுள்ள கரையோரங்களின் ஈயம் பூசியது போன்ற வானமும் பாரடைஸ் ஊரின் மனநிலையாகவே ஆகிவிட்டன. ஜெஸ்ஸியின் வீட்டுக்குத் தண்ணீரின் மேல் போட்ட ஒரு நடைபாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். யாராவது அவரைப் பார்க்க வந்தால் அந்தப் பாலத்தின் நீளம் முழுவதும் நடந்து வருவதைக் காட்டுவார்கள். ஒன்பதில் எட்டுப் படங்களை இயக்கிய ராபர்ட் ஹார்மன் இந்த நடையை வெட்டுவதே இல்லை. நீங்கள் மெதுவாக இருக்கிறது என்று சொன்னதில் பாதி இந்தப் பாலம்தான் என்று நினைக்கிறேன். இசையமைப்பாளர் ஜெஃப் பீலின் பியானோ அங்கே இரண்டு மூன்று சுரங்களோடு நின்றுவிடும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. வந்துபோகும் பெண்களில் பாதிப்பேர் ஜெஸ்ஸியின் மேல் மனம் வைப்பது ஒரு கட்டத்துக்கு மேல் நகைப்புக்கு இடமாகிறது. அவர் சட்டத்தை வளைக்கும்போதெல்லாம், எதிரில் நிற்பவன் அயோக்கியன் என்பதை நமக்கு முன்கூட்டியே உறுதிப்படுத்தி வைத்துவிடுகிறார்கள். மனைவியை அடிப்பவனை அவர் உதைக்கும்போது நாம் கைதட்டுகிறோம், ஆனால் உதைபட்டவன் தவறான ஆளாக இருந்தால் என்ன என்ற கேள்வியைப் படங்கள் எழுப்புவதில்லை. நாவல்களைச் சாராமல் எழுதப்பட்ட பிற்காலக் கதைகளில் வழக்குகள் மெலிந்து, வழக்கமான சடங்குகள் (கிளாஸ், தொலைபேசி, நாய்) கூடுதலாகிவிட்டன. கடைசிப் படம் ஜெஸ்ஸியை மாநிலக் காவல்துறையின் பழைய கொலை வழக்கொன்றுக்கு இழுத்துச் செல்கிறது. ஊர்ச்சபையின் நெருக்கடி இல்லாத ஜெஸ்ஸி ஏதோ விடுமுறையில் இருப்பவர்போல் தெரிகிறார்.

ஒன்பதையும் பார்த்தே தீர வேண்டும் என்று இல்லை. நீங்கள் பார்த்த இரண்டோடு 'டெத் இன் பாரடைஸ்', 'சீ சேஞ்ச்', 'தின் ஐஸ்' மூன்றையும் அதே வரிசையில் பாருங்கள். அதன் பிறகும் பசி இருந்தால், ஜெஸ்ஸி பதவி இழந்து நிற்கும் 'இன்னசென்ட்ஸ் லாஸ்ட்', அதன் தொடர்ச்சியான 'பெனிஃபிட் ஆஃப் த டவுட்' இரண்டையும் ஒரே வாரத்தில் பார்ப்பது நல்லது. 'டெத் இன் பாரடைஸ்' படத்தில் ஏரியில் மிதக்கும் ஒரு சிறுமியின் சடலத்தோடு வழக்கு தொடங்குகிறது. டிக்ஸின் அறைக்கு ஜெஸ்ஸி முதன்முதலாகப் போவதும் அந்தப் படத்தில்தான். யார் கொன்றது என்பதை இம்முறை உங்களுக்கு முதலில் சொல்லமாட்டார்கள். அப்படியிருந்தும் நீங்கள் எந்த விசாரணைக்காகக் காத்திருக்கிறீர்கள், ஏரிக்கரையிலா அந்த நாற்காலியிலா என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.